நாலு வாரம் போக மிச்சமிருக்கும் இரண்டு நாள்

கேள்வி:

வணக்கம் சார். காரைக்குடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சொந்த ஊர் திருவாடானை பக்கம் ஒரு கிராமம். அப்பா கொத்தனார். வாரக்கூலிதான், சனிக்கிழமை சாயங்காலம் கைக்கு வரும். இங்கே நாலு பேர் சேர்ந்து ரூம் எடுத்திருக்கிறோம். என் பங்கு வாடகையை அப்பா நேராக வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுவார். என் செலவுக்கு மாதம் 4,500 ரூபாய், ஒன்றாம் தேதி கணக்கில் போடுவார். அதை நாலாகப் பிரித்து வாரத்துக்கு 1,125 என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் மூன்றாவது வாரமே கை வறண்டுவிடுகிறது. கடைசி வாரம் காலையில் டீ மட்டும் குடித்துவிட்டுத்தான் காலேஜுக்குப் போகிறேன். ரூம் நண்பனிடம் கைமாற்று 1,200 நிற்கிறது. டீக்கடையில் பற்று 640. அரசு தருகிற தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை 1,000 ரூபாய் மாதாமாதம் பழைய கணக்கில் விழுகிறது, விழுந்த இரண்டாம் நாள் அதுவும் இருப்பதில்லை. எங்கே போகிறதென்று எனக்கே தெரியவில்லை. போனில் ஒரு கடன் ஆப், 3,000 ரூபாய் உடனே தருவதாகச் சொல்கிறது. அதை வாங்கி இரண்டு கடனையும் அடைத்துவிட்டு, வாரக் கணக்கைப் புதிதாக ஆரம்பிக்கலாமா? நான் ஊதாரியா சார்? அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. அந்த ஆப்பின் திரைப் படத்தையும், ஒரு வாரம் செலவு எழுதிப் பார்த்த தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். என் பெயரைப் போட வேண்டாம்.

பதில்:

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். முதலில் அந்த ஆப்பை மூடு.

நீ அனுப்பிய படத்தில் பார்த்தேன். கடன் 3,000 என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே பொடி எழுத்தில், செயல்பாட்டுக் கட்டணம் பிடித்தது போக 2,400 வரவு, ஏழாம் நாள் 3,000 கட்ட வேண்டும் என்று இருக்கிறது. கையில் வருவது 2,400. ஒரே வாரத்தில் அதற்கு மேல் 600. நம்ம ஊர்க் கணக்கில் சொன்னால் வாரத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து வட்டி. மாதத்துக்கு நூற்றுக்கு நூறு. நூற்றுக்குப் பத்து வாங்குகிறவரையே கந்துவட்டிக்காரர் என்று சொல்கிற ஊர் நம்முடையது. அதைத் தடுக்க 2003-லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. மாதம் 4,500-இல் காலை டிபனுக்கே தட்டுப்படுகிற உன்னால், ஏழாம் நாள் 3,000-ஐ எங்கிருந்து கட்ட முடியும்? கட்ட முடியாதென்று அவர்களுக்கும் தெரியும். அப்போது இன்னொரு ஆப்பைக் காட்டுவார்கள். முதல் கடனை இரண்டாவது அடைக்கும், இரண்டாவதை மூன்றாவது அடைக்கும்.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு மாணவியின் போனில் இருந்த எண்களுக்கெல்லாம், அவளுடைய பேராசிரியர் வரைக்கும், கடன் ஆப்காரர்களிடமிருந்து செய்தி போயிருந்தது. வாங்கியது இரண்டாயிரம் சொச்சம். அந்தப் பெண் நாற்காலியில் உட்காரக்கூட முடியாமல் நின்றுகொண்டே அழுதது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே டிஜிட்டல் கடனுக்கு நெறிமுறை போட்டுவிட்டது. அதன்படி கடன் கொடுப்பது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் இருக்கிற வங்கியாகவோ நிதி நிறுவனமாகவோ இருக்க வேண்டும். மொத்தச் செலவு ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் கொடுக்க வேண்டும். உன் போனில் உள்ள தொடர்பு எண்களை ஆப் தொடக்கூடாது. நீ அனுப்பிய படத்தில் கடன் கொடுப்பவர் யாரென்ற பெயரே இல்லை. அனுமதி ஏதும் கொடுத்திருந்தால் செட்டிங்ஸில் போய் எடுத்துவிட்டு, ஆப்பை அழித்துவிடு. யாராவது மிரட்டினால் ஸ்கிரீன்ஷாட்டை வைத்துக்கொண்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் பண்ணு.

இனி உன் தாளுக்கு வருகிறேன்.

கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். புதன்கிழமை வரியில் இப்படி எழுதியிருக்கிறாய்: டீ 12, வடை 10, ஜெராக்ஸ் 18, சாயங்காலம் டீ 24 (ஒன்று ஜூனியருக்கு). ஞாயிற்றுக்கிழமைக்குக் கீழே கடைசி வரியில், நினைவில்லை 71. அந்த வரியை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கு நேராக வரவில்லையென்றால் முக்கால்வாசிப் பேர் டீயில் பத்து, சாப்பாட்டில் இருபது ஏற்றிச் சரிக்கட்டிவிடுவார்கள். நீ அப்படிச் செய்யவில்லை. அந்த நேர்மை இருக்கிறவனுக்குக் கணக்கு கட்டாயம் வரும்.

எங்கள் ஐயா, அதாவது என் அப்பாவைப் பெற்றவர், சின்ன வயதில் ரங்கூனில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது பணப்பெட்டி பக்கத்தில் எடுபிடியாக, இருந்தவர். இங்கிருந்து கப்பலேறிப் போனால் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். ராத்திரி கடையடைத்ததும் பெட்டியில் இருக்கிற ரொக்கத்தை எண்ணி, அன்றையக் குறிப்போடு ஒப்பிட வேண்டும். காலணா இடித்தாலும் பாயை விரிக்க மாட்டார்களாம். ஆனால் அதற்காக யாரும் யாரையும் திட்டியதில்லை என்பார். பணத்தைத் தொலைத்தது பெரிய குற்றமில்லை, தொலைந்தது தெரியாமல் தூங்குவதுதான் குற்றம் என்பது அந்தக் கடைப் பழக்கம். நீயும் ராத்திரி படுக்கும் முன் இரண்டு நிமிஷம் உட்கார். யுபிஐ வரலாற்றைத் திறந்து, பாக்கெட்டில் இருக்கிற சில்லறையை எண்ணி, எழுது. உன்னை நீயே விசாரணை செய்ய வேண்டாம், எழுதினால் போதும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஏழு நாளையும் யோசித்தால் 71 வரத்தான் செய்யும். அன்றன்றைக்கு எழுதினால் அது தானாகவே குறையும்.

தாளின் மொத்தம் 1,700 ரூபாய். அதைப் பார்த்துத்தான் ஊதாரியா என்று கேட்டிருக்கிறாய். நான் அதை வகை பிரித்துப் பார்த்தேன். சாப்பாடு 690. டீ, வடை வகையில் 214. ஜெராக்ஸ், பிரிண்ட் அவுட், பேனா 86. ஊருக்குப் போய்வந்த பஸ் 90. இந்த நாலும் சேர்ந்து 1,080. போன் ரீசார்ஜ் 299. நண்பன் பிறந்தநாளுக்குப் பங்கு 250. மிச்சம் உன் 71.

இப்போது பார். சாப்பாடு, டீ, ஜெராக்ஸ், பஸ் எல்லாம் சேர்ந்தே 1,080. நீ உனக்கு ஒதுக்கியது 1,125. உன் வாரம் உன் அளவுக்குள்தான் இருக்கிறது! வாரத்தை உடைத்தது அந்த 299-ம் 250-ம். இரண்டுமே வாரச் செலவு இல்லை. ரீசார்ஜ் 28 நாளைக்கு ஒருமுறை வருவது. பிறந்தநாள் எப்போதாவது வருவது. அவை வந்து விழுகிற வாரம் எதுவோ அது மூழ்குகிறது. அதை ஈடுகட்ட அடுத்த வாரத்திலிருந்து எடுக்கிறாய், அது மூன்றாவது வாரத்தைக் கடிக்கிறது. கடைசியில் காலை டிபன் போகிறது.

நாளுக்கு நூறு ரூபாய்கூட வராத சாப்பாட்டுச் செலவு ஊதாரித்தனம் இல்லை, தம்பி. நீ ஊதாரி இல்லை.

இன்னொரு ஓட்டை, நீ மாதத்தை நாலால் வகுத்தது. நாலு வாரம் என்றால் 28 நாள்தான். பிப்ரவரியைத் தவிர எந்த மாதமும் 28 நாளோடு நிற்பதில்லை. 30 நாள் மாதத்தில் இரண்டு நாளும் 31 நாள் மாதத்தில் மூன்று நாளும் பணமே இல்லாத நாளாக நிற்கும். வகுக்கும்போதே நீ அவற்றைப் பட்டினி போட்டுவிட்டாய். 4,500-ஐ 30-ஆல் வகுத்தால் நாளுக்கு 150. ஏழு நாளுக்கு 1,050. அதுதான் உன் வாரம். வாரத்துக்கு 75 ரூபாய் குறைகிறதே என்று நினைக்காதே. அந்த 75 நாலு வாரத்தில் 300 ஆகி, 29-ஆம், 30-ஆம் தேதிக்குச் சோறு போடும். ரீசார்ஜிலும் இதே 28 நாள் கணக்குதான். மாதம் ஒருமுறை என்று நினைக்கிறோம், வருஷத்துக்கு 13 தடவை போடுகிறோம்.

இதற்கெல்லாம் மேலே ஒரு யோசனை சொல்கிறேன். உன் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, அப்பாவுக்கு வாரக்கூலி என்பது. சனிக்கிழமை சனிக்கிழமை கைக்கு வருகிற கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, வீட்டுச் செலவுக்கும் வட்டிக்கும் அது கரைந்துவிடாமல் காபந்து பண்ணி, ஒன்றாம் தேதி 4,500-ஆகச் சேர்த்து அனுப்புகிறார். மழையில் வேலை இல்லாத வாரம் வந்தால் எங்கேயாவது புரட்டித்தான் போட்டிருப்பார். நீயோ அதை வாங்கி மறுபடி வாரமாகப் பிரிக்கத் திணறுகிறாய். வாரமாக வருகிற பணம் வாரமாகவே உன்னிடம் வரட்டுமே! சனிக்கிழமை ராத்திரி 1,050 அனுப்பச் சொல். வருஷத்துக்கு 52 வாரம், 54,600 ரூபாய். இப்போது அவர் அனுப்புவது 54,000. அதிகப்படி 600-தான். லீவில் நீ ஊரில் இருக்கிற வாரங்களைக் கழித்தால் அவருக்கு மிச்சமே ஆகும். பெரிய தொகையைச் சேர்க்கிற பாரம் அவருக்கு இல்லை, பெரிய தொகையைக் காக்கிற பாரம் உனக்கு இல்லை.

பணம் சனிக்கிழமை வந்தாலும் உன் வாரம் திங்கட்கிழமை தொடங்கட்டும். கையில் புதுப் பணம் இருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் மனசு பிரியாணி பக்கம்தான் போகும். திங்கட்கிழமை தொடங்கினால் சனி, ஞாயிறு வாரத்தின் கடைசியில் விழும். என்ன மிஞ்சியதோ அதற்குத் தகுந்த ஞாயிறு.

இப்போது 1,050-ஐ எப்படிப் போடுவது? சாப்பாட்டு 690-இல் கை வைக்காதே. பஸ்ஸுக்கு 90 எழுதியிருக்கிறாய், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் ஊருக்குப் போகிறாய் என்பதால் வாரத்துக்கு 45 எடுத்து வைத்தால் போதும். படிப்புச் செலவு 86 இருக்கட்டும். டீ வகையை 214-இலிருந்து 140-க்குக் கொண்டுவா. நாளைக்கு 20 ரூபாய். டீயை விடச் சொல்லவில்லை, ஜூனியருக்கு வாங்கிக் கொடுப்பதையும் நிறுத்தச் சொல்லவில்லை. 140 ரூபாயை நோட்டாக எடுத்துச் சட்டைப் பையில் தனியாக வை. டீக்கடையில் போனை எடுக்காதே. கியூஆர் கோடு பார்த்துக் கொடுக்கும்போது 12 ரூபாய் போவது உடம்புக்கு உறைப்பதில்லை. பத்து ரூபாய் நோட்டுகள் ஏழிலிருந்து மூன்றாகும்போது கண் தானாகவே பார்க்கும். இவ்வளவும் சேர்த்தால் 961. மிச்சம் 89. அதில் முட்டை வாங்கு, வாழைப்பழம் வாங்கு. ஜெராக்ஸ் அதிகமாகிற வாரத்துக்கும் அது தாங்கும்.

ரைஸ் குக்கரில் சோறு வடித்துக் குழம்பை மட்டும் கடையில் வாங்குவதாக எழுதியிருக்கிறாய். நல்ல ஏற்பாடு. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் சுண்டை வற்றலும் கேட்டு வாங்கி வா. கோடையில் முற்றத்தில் வற்றல் காயப்போடாத வீடு நம் பக்கம் குறைவு, வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்குத் துணை அதுதான். வாரத்தில் இரண்டு நாள் குழம்பு வாங்காமல் ஓட்டலாம். சந்தை நாளில் நாலு பேரும் சேர்ந்து போய் வெங்காயம், தக்காளி, முட்டை வாங்கிப் போட்டால் தனித்தனியாகக் கடைக்கு ஓடுவது மிச்சம். யார் வாங்கினார்கள், யார் பங்கு எவ்வளவு என்று சுவரில் ஒரு தாள் ஒட்டி எழுதுங்கள். நண்பர்களுக்குள் பணத்தால் வருகிற மனக்கசப்பில் பெரும்பகுதி எழுதாமல் விட்டதால் வருவது.

அந்த ஆயிரம் ரூபாய்க்கு வருவோம். தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியபோது, அரசுப் பள்ளியில் படித்து வந்த பையன்கள் படிப்பை நடுவில் விட்டுவிடக்கூடாது என்பதுதான் நோக்கம். பெண்களுக்கு 2022-லிருந்தே புதுமைப் பெண் இருக்கிறது. அது உன் வாரப் பணமில்லை. அதை வாரத்தோடு கலப்பதால்தான் எங்கே போனதென்று தெரியவில்லை.

செட்டிநாட்டு வீடுகளில் வேறு வைப்பது என்று ஒரு வழக்கம் இருந்தது, கேள்விப்பட்டிருப்பாய். மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வீட்டைப் பிரிக்க மாட்டார்கள். அதே வீட்டில், அதே கூரைக்குக் கீழே, புதுத் தம்பதிக்கு அரிசி பருப்பெல்லாம் அளந்து கொடுத்துத் தனியாக உலை வைக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு அளந்தது அவர்களுக்கு. பக்கத்து அடுப்பில் கை நீட்டக் கூடாது. என் அப்பத்தா வீட்டில் ஒரே வளவுக்குள் மூன்று அடுப்பு எரிந்ததாகச் சொல்வார்கள். சாப்பாடு பரிமாறிக்கொள்வார்கள், கணக்கு மட்டும் கலக்காது. உன் இரண்டு வங்கிக் கணக்கையும் அப்படி வேறு வை. அப்பா பணம் ஒரு அடுப்பு, பழைய கணக்கில் விழுகிற ஆயிரம் இன்னொரு அடுப்பு. போனில் இருக்கிற யுபிஐயில் அந்தப் பழைய கணக்கை இணைத்திருந்தால் இன்றே எடுத்துவிடு. ஏடிஎம் கார்டை ஊரில் அம்மாவிடம் கொடுத்து வைத்தாலும் நல்லதே, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகத்தானே போகிறாய்.

அந்த ஆயிரத்தில் ரீசார்ஜுக்கு 325 ஒதுக்கு, 28 நாள் கணக்குக்கு அதுதான் சரியாக வரும். பிறந்தநாள், நோன்பு, திருவிழா என்று 175. மீதி 500 கடனுக்கு. பிறந்தநாள் பங்கு 250 கேட்டால் மாதம் 175 எப்படிப் போதும் என்பாய். ரூமில் நாலு பேரும் பேசி, தலைக்கு 100-க்கு மேல் வேண்டாமென்று வைத்துக்கொள்ளுங்கள். ரூமிலேயே முட்டைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் அது பிறந்தநாள் ஆகாதா என்ன? இதை முதலில் சொல்ல ஒருவனுக்குத்தான் தைரியம் வேண்டும். சொன்னால் மற்ற மூன்று பேரும் மூச்சு விடுவார்கள், பார்.

கடன் மொத்தம் 1,840. மாதம் 500 வீதம் நாலு மாதத்தில் தீரும். டீக்கடைப் பற்றை முதலில் அடை. நண்பனைவிட டீக்கடைக்காரர் முக்கியமா என்று கேட்காதே. உன் பற்றில் அவர் முடக்கி வைத்திருப்பது தன் முதலீட்டை. நாளைக்குப் பால் வாங்குகிற காசு அது. பற்று இருக்கிற வரைக்கும் அந்தக் கடையில் நீ காசு கொடுக்காமல் குடிப்பாய், அதனால் அது வளர்ந்துகொண்டே போகும். இன்றைக்கே போய், அண்ணே, இனிமேல் பற்று எழுதாதீர்கள், பழைய பாக்கியை இரண்டு தவணையில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல். முதல் மாதம் 500, இரண்டாம் மாதம் 140. அந்த மாதமே நண்பனுக்கு 360 கொடுக்கலாம். நண்பனிடமும் நாளைச் சொல்லிவிடு. கைமாற்று வாங்கியவன் தேதி சொன்னால் கொடுத்தவனுக்குப் பாதி திரும்பி வந்த மாதிரி.

சீக்கிரம் அடைக்க வேண்டுமென்றால், முகூர்த்த நாளில் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போகிற பையன்களோடு ஒன்றிரண்டு நாள் போய் வரலாம். தவறே இல்லை. இன்டர்னல் தேர்வு வாரத்தில் மட்டும் வேண்டாம்.

அப்பாவுக்குத் தெரியாது என்று எழுதியிருக்கிறாய். அவர் வருத்தப்படுவார் என்று மறைக்கிறாய், புரிகிறது. ஆனால் நீ காலையில் சாப்பிடாமல் போகிறாய் என்பது வேறு யாராவது சொல்லித் தெரிந்தால் அவர் படுகிற வருத்தம் 1,840 ரூபாய் வருத்தமாக இருக்காது. பணம் கேட்டுப் போன் பண்ணாதே. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு போன் பண்ணு. அப்பா, இவ்வளவு கடன் ஆகிவிட்டது, நாலு மாதத்தில் நானே அடைத்துவிடுவேன், நீங்கள் வாராவாரம் 1,050 அனுப்பினால் போதும் என்று சொல். சுவர் எழுப்புகிறவர் அவர். ஒரு நாளைக்கு எத்தனை கல், எத்தனை சட்டி கலவை என்று காலையிலேயே கணக்குப் போடுகிறவர். இதை உன்னைவிட வேகமாகப் பிடித்துக்கொள்வார்.

வருகிற சனிக்கிழமை அவர் கூலி வாங்கி வீட்டுக்கு வந்து, குளித்துச் சாப்பிட்ட பிறகு பேசு. திங்கட்கிழமையிலிருந்து நாலு வாரம் எழுதி, அந்த நாலு தாளையும் எனக்கு அனுப்பு. நினைவில்லை என்ற வரி இருந்தால் அதையும் அடிக்காமல் அப்படியே அனுப்பு.